அந்தப் பூநாரைப் படத்தை ஏன் எடுத்துவிட்டேன்



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பூநாரைப் படத்தைக் காணோமே என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். முகநூல்காரர்கள் யாரும் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். இருநூறு பேருக்கு மேல் இதயம் போட்டிருந்தீர்கள். சம்பந்தி வீட்டில் அதைச் செல்போன் முகப்பிலேயே வைத்திருக்கிறார்களாம். அவர்களையும் எடுத்துவிடச் சொல்லப் போகிறேன். காரணம் கொஞ்சம் நீளம். நாற்பத்தைந்து நிமிடம் என் கணக்கு வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி இரண்டாம் வாரம், கோடியக்கரைக்கு ஒரு பறவை பார்க்கும் பயணம். வழிகாட்டி, வேன், இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து மகன் பணம் கட்டி அனுப்பினான். வேனில் பதினோரு பேர். ஏழு பேரிடம் என் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். எல்லோர் கையிலும் ஒரு பட்டியல். பார்த்ததும் டிக் அடிக்க வேண்டும், அடுத்ததற்கு ஓட வேண்டும். பரீட்சைக்கு முந்தின நாள் முக்கியக் கேள்விகளை மட்டும் படிக்கிற பையன்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

முதலில் காட்டுக்குள் போனோம். ஆறுமணிக்குருவி பார்க்க வேண்டும் என்றார் ஒருவர். வழிகாட்டி செல்போனில் அதன் குரலை ஓடவிட்டார். இரண்டாவது நிமிடம் புதருக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. எல்லோரும் கைதட்டாத குறை. அது நம்மைப் பார்க்கவா வந்தது? நம் இடத்தில் வேறொருவன் வந்து உட்கார்ந்துவிட்டானே என்று பதறி, சண்டைக்கு வந்தது. இல்லாத எதிரியைத் தேடிக் கிளைக்குக் கிளை தாவியது. அந்தப் பதற்றத்தைத்தான் 'நல்லா போஸ் கொடுக்குது' என்றார்கள்.

பிறகு உப்பளத்துப் பக்கம். ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள், நூற்றுக்கணக்கில். நீண்ட கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் கவிழ்த்து, வடிகட்டித் தின்றுகொண்டிருந்தன. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். ஆனால் பின்னால் ஒரு குரல்: "எல்லாம் தலையைக் குனிஞ்சே நிக்குதே, ஒரு ஃப்ளைட் ஷாட் கிடைச்சா நல்லா இருக்கும்." வழிகாட்டி கொஞ்சம் தயங்கினார். அப்புறம் வரப்பில் இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு ஓடினார். கூட்டம் தண்ணீரை மிதித்து ஓடி, ஓடி, எழும்பியது. இறக்கைக்குள் இருந்த சிவப்பு வானம் முழுக்கத் தெரிந்தது. கேமராக்கள் படபடவென்று அடித்தன. என் செல்போனும்தான். நீங்கள் இதயம் போட்ட படம் அதுதான்.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். "காலையிலேருந்து இது மூணாவது தடவை கிளப்பி விடுறீங்க. அதுக எப்பதான் திங்கும்?" என்றார். சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பதினோரு பேரில் பதில் சொல்ல ஆள் இல்லை. முப்பத்து நாலு வருஷம் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான், எனக்கும் வாய் வரவில்லை.

ஆகவே இப்போது கணக்கு. நோட்டை எடுங்கள்.

சைபீரியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை, முப்பது நாடுகளின் மேல் போகிற ஒரு வலசைப் பாதை உண்டு. மத்திய ஆசியப் பாதை என்பார்கள். அதன் தென்கோடித் தங்கல்களில் ஒன்று நம் கோடியக்கரை. 1967-இல் சரணாலயமானது, 2002-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வருகிற விருந்தாளிகளில் ஒருவர் கொசு உள்ளான். எடை சுமார் 25 கிராம். மூன்று பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ அவ்வளவுதான். அது முட்டையிடுவது வட துருவத்தை ஒட்டிய பனிவெளியில். கோடியக்கரை 10 பாகை வடக்கில் இருக்கிறது, அதன் ஊர் 70 பாகையை ஒட்டி. வித்தியாசம் 60. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் 6,660. வளையாமல் நெளியாமல் நேர்கோட்டில் போனாலே இவ்வளவு. போகும் வழிக்கு அது கட்டிக்கொள்கிற சோறு உடம்பில் சேர்க்கிற கொழுப்பு ஒன்றுதான். அந்தக் கொழுப்பைச் சேர்க்கிற மாதங்கள்தான் நாம் வேன் எடுத்துக்கொண்டு போகிற மாதங்கள்.

"சார், நீங்க படம் போட்டது பூநாரை. அது கட்ச் பக்கம் போய் முட்டையிடுறது. துருவத்துக்கா போகுது?" என்று ஒருவன் கேட்பான், எனக்குத் தெரியும். சரியான கேள்வி. அந்தப் படத்தின் இடது கீழ்மூலையில் தூசி மாதிரிப் புள்ளிகள் இருந்தனவே, கவனித்தீர்களா? நான் லென்ஸ் அழுக்கு என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பூநாரைகளின் காலடியில் மேய்ந்துகொண்டிருந்த உள்ளான்கள். அவையும் சோற்றை விட்டு எழுந்து ஓடியிருக்கின்றன.

கிளம்பிய கூட்டம் சுற்றிச் சுற்றி வந்து, இறங்கி, கொஞ்ச நேரம் தலை தூக்கியே நின்று, பயம் தெளிந்து மறுபடி அலகைக் கவிழ்க்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த அம்மா சொன்ன கணக்குப்படி மூன்று தடவை. அப்போது மணி பத்துகூட ஆகவில்லை. தின்ன வேண்டிய ஒரு மணி நேரம் போயிற்று. பறந்ததில் சேர்த்து வைத்ததும் செலவாயிற்று. வரவும் குறைந்து செலவும் கூடினால் குடும்பம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"பறவை பறக்கத்தானே செய்யும், ஒரு தடவைதானே" என்பது அடுத்த சமாதானம். நம் வேனுக்கு அது ஒரு தடவை. பறவைக்கு ஒவ்வொரு வேனும் ஒரு தடவை. கல்யாணப் பந்தியில் உங்களை ஒவ்வொரு கவளத்துக்கும் எழுப்பி, "சும்மா, ஒரு போட்டோவுக்கு" என்றால் எத்தனை தடவை சிரித்துக்கொண்டு எழுந்திருப்பீர்கள்?

"ஈரநிலங்களையே அழிக்கிறார்கள், அதை விட்டுவிட்டுக் கேமராக்காரனைப் பிடிக்கிறீர்களே" என்றும் சொல்வீர்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் அதையே திருப்பிப் பாருங்கள். மேய இடம் சுருங்கச் சுருங்க, மிச்சமிருக்கிற இடத்தில் தொல்லை கொடுக்கிற உரிமை நமக்குக் கூடுமா, குறையுமா? அதுவும், பறவைமேல் ஆசை என்று சொல்லிக்கொண்டு போகிற நமக்கு? சரணாலயத்துக்குள் எந்த விலங்கையும் சீண்டக் கூடாது, தொல்லை செய்யக் கூடாது என்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தில் பறவையும் விலங்குதான். ஆனால் சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்ட நான் இதை எழுதவில்லை.

அந்த வழிகாட்டியைத் திட்டவும் எழுதவில்லை. மாலையில் டீக்கடையில் அவரிடம் தனியாகக் கேட்டேன். "தப்புன்னு தெரியும் சார். பறக்க விடலன்னா ஒத்தை ஸ்டார் போடுறாங்க. அடுத்த தடவை வேற ஆளைக் கூப்பிடுறாங்க" என்றார். பறவைகளை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த வேனில் யாரும் இல்லை. அவரை வரப்பில் ஓடவிட்டது நாங்கள் கட்டிய பணம். தட்டிய கை அவருடையது, தட்டச் சொன்ன வாய் எங்களுடையது. சொல்லாமல் நின்ற என் வாயும் அதில் சேர்த்தி.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய். 1991-இல் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவை இதே கோடியக்கரைக்குச் சுற்றுலா கூட்டிப்போனேன். இதைப் படிக்கிறவர்களில் சிலர் அந்தப் பேருந்தில் இருந்தீர்கள். தண்ணீரில் நின்ற கூட்டத்தின்மேல் மண்ணாங்கட்டி எறிந்தீர்கள். நான் தடுக்கவில்லை. "யார் எறிவது ரொம்ப தூரம் போகிறது, பார்ப்போம்" என்றேன். தூரத்தைக் காலடியில் அளந்து கணக்குப் போடச் சொன்னேன். நல்ல செய்முறைப் பாடம் என்று எனக்குள் பெருமை வேறு. அன்று நீங்கள் எறிந்த மண்ணாங்கட்டிதான் இன்று லென்ஸாக, டிரோனாக, செல்போன் குரலாக வருகிறது. பாடம் நடத்தியவன் நான். தப்பாக நடத்திய பாடத்தைத் திருத்தி நடத்த வேண்டிய கடமையும் எனக்குத்தான்.

நம்மால் முடியாதது ஒன்றும் இல்லை. வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியிலும் அப்படித்தான். பிள்ளைகள் கையிலிருந்து பட்டாசை வாங்கி வைக்கிற மனசு அந்தத் தாய்மாருக்கு இருக்கிறது. நமக்கு ஒரு படத்தை விட்டுக்கொடுக்க மனசில்லையா?

ஆகவே வீட்டுப்பாடம். பறவை பார்க்கப் போங்கள், குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். வண்டியில் ஏறும்போதே வழிகாட்டியிடம், "எங்களுக்காக எதையும் கிளப்ப வேண்டாம், குரல் போட வேண்டாம், பட்டியல் முடியாவிட்டாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிடுங்கள். அப்படி நடந்துகொண்ட வழிகாட்டிக்கு ஐந்து ஸ்டாரும் போட்டு, கையில் நூறு ரூபாய் கூடுதலாகவும் கொடுங்கள். அழகான பறக்கும் படம் வந்தால் இதயம் போடும் முன், "இது தானாகப் பறந்ததா?" என்று ஒரு வரி கேளுங்கள். என்னையே கேட்டிருந்தால் போன ஞாயிறே நான் மாட்டியிருப்பேன்.

அடுத்த பிப்ரவரியில் திரும்பவும் போகலாம் என்று இருக்கிறேன். அந்த 'பி' பிரிவு ஆட்கள் யாராவது கூட வந்தால் சந்தோஷம். வரப்பில் உட்கார்ந்து, அவை சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துவிட்டு வருவோம்.

இந்தப் பதிவைப் பகிர விரும்புகிறவர்கள் பகிருங்கள். பழைய படத்தைச் சேமித்து வைத்திருந்தால் அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்