பிள்ளைக்கு ஒரு கதிரை இல்லாத வீடு



கொஞ்சம் நீளமான பதிவு. சின்னப் பிள்ளைகள் உள்ள வாப்பாமாரும் உம்மாமாரும் பொறுமையாக வாசியுங்கள். உடன்பாடு இல்லையென்றால் கீழே எழுதுங்கள், கதைப்போம்.

காத்தான்குடியிலிருந்து ஏறாவூர், ஓட்டமாவடி வரைக்கும் ஒரு பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்கிறோம். இது இந்தக் கிழக்குக் கரையின் வழக்கம், தமிழ்ச் சகோதரர்களிடமும் இருக்கிறது. அது சரியா பிழையா என்பதை இன்னொரு நாள் கதைக்கலாம். அந்த வீட்டுக்குள் என்ன போகிறது என்று மட்டும் பாருங்கள். கட்டில், அலுமாரி, சோபா செட், கண்ணாடி வைத்த ஷோகேஸ், ஆறு கதிரை போட்ட சாப்பாட்டு மேசை. கடன் பட்டாவது வாங்குகிறோம். நாலைந்து வருஷத்தில் அதே வீட்டிலிருந்து ஒரு பிள்ளை நேசரிக்குப் போகிறது. அந்தப் பிள்ளை கொப்பியை வைத்து எழுதுவதற்கு அந்த வீட்டில் அதன் அளவுக்கு ஒரு மேசை இருக்கிறதா?

பெரும்பாலான வீடுகளில் இல்லை. பிள்ளை கட்டிலில் குப்புறப் படுத்து எழுதும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கதிரையை மேசையாக்கி, அதன் முன்னால் தரையில் முழங்காலில் நின்று எழுதும். வசதியான வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஏற்றி வைப்பார்கள். அங்கே கால் தரையில் படாது, நாடி மேசை விளிம்பில் இடிக்கும், தோள் காதுவரை ஏறிவிடும்.

வகுப்பில் இதன் விளைவை நான் தினமும் பார்க்கிறேன். பத்து நிமிஷம் எழுதியதும் கை வலிக்கிறது என்று நிறுத்துகிற பிள்ளை. கொப்பிக்கு நாலு அங்குலம் தள்ளி மூக்கை வைத்து எழுதுகிற பிள்ளை. எல்லாவற்றுக்கும் மேசைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கண் பரிசோதிக்க வேண்டிய பிள்ளையும் இருக்கும், நித்திரை குறைந்த பிள்ளையும் இருக்கும். ஆனால் கால் தொங்கிக்கொண்டிருக்கிற பிள்ளையால் நிலையாக உட்கார முடியாது. உட்கார முடியாத பிள்ளையைத்தான் "ஒரு இடத்தில இருக்க மாட்டான், குழப்படி" என்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். நமது சாப்பாட்டு மேசை ஏறக்குறைய 30 அங்குல உயரம், கதிரையின் இருக்கை 18 அங்குலம். இது வளர்ந்த ஆளின் அளவு. ஐரோப்பாவில் பாடசாலைத் தளபாடங்களுக்கு ஒரு தரநிலை வைத்திருக்கிறார்கள். அதன்படி 108 முதல் 121 சென்ரிமீற்றர் உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 31 சென்ரிமீற்றர், மேசை 53 சென்ரிமீற்றர். நமது ஓடாவிமாரின் கணக்கில் 12 அங்குலத்துக்குச் சற்று மேல், 21 அங்குலம். 119 முதல் 142 வரை உயரமுள்ள பிள்ளைக்கு 35, 59. அதாவது 14 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, 23 அங்குலத்துக்குச் சற்று மேல். முதலாம் தரத்துப் பிள்ளையைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைப்பது, உங்களை 45 அங்குல மேசையில் இருத்தி ஃபோம் நிரப்பச் சொல்வது போன்றது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. மரியா மொண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரின் ஒரு ஏழைக் குடியிருப்பில் தனது முதல் பள்ளியைத் தொடங்கியபோது செய்த முதல் வேலைகளில் ஒன்று, கனத்த பள்ளி மேசைகளுக்குப் பதிலாகப் பிள்ளையே தூக்கி நகர்த்தக்கூடிய சின்ன மேசையும் கதிரையும் செய்வித்தது. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். யுத்த காலம் முழுவதும் இந்தியாவில் இருந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய பெயரைப் பலகையில் எழுதிய முன்பள்ளிகள் நமது நாட்டில் எத்தனை! பெயர் வந்து சேர்ந்தது, அந்தச் சின்னக் கதிரை மட்டும் வீட்டுக்குள் வரவில்லை.

"நாங்களெல்லாம் பாயில் இருந்துதானே படித்தோம்" என்று சிலர் சொல்வார்கள். உண்மை. பாயில் இருப்பது கேவலமும் இல்லை, கெடுதலும் இல்லை. கதிரை, மேசை, அலுமாரி என்ற மூன்று சொற்களும் போர்த்துக்கேயரோடு வந்தவை. அதற்கு முன்பும் நமது மக்கள் படித்தார்கள், ஓதினார்கள். ஆனால் ஓதப் போகிற பிள்ளைக்கு முன்னால் என்ன வைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். குர்ஆனை விரித்து வைக்க ஒரு மடக்குப் பலகை, அல்லது ஒரு தாழ்ந்த வாங்கு. பிள்ளை குனியாமல் புத்தகம் பிள்ளையை நோக்கி உயர்ந்து வந்தது. ஆகவே மேசை செய்ய முடியாத வீட்டில், தரையில் சப்பணமிட்டு இருக்கும்போது முழங்கை அளவுக்கு வருகிற ஒரு சாய்வுப் பலகையாவது செய்து கொடுங்கள். அதுவும் போதும்.

என் கருத்து இதுதான்: இந்த மேசையையும் கதிரையையும் கடையில் வாங்காதீர்கள். வீட்டில், பிள்ளையையும் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

காரணம் ஒன்று, அளவு. கடையில் கார்ட்டூன் படம் ஒட்டிய மெல்லிய மேசை கிடைக்கும். அது உங்கள் பிள்ளையை அளந்து செய்ததல்ல. அமுக்கிய தூள் பலகையில் செய்தது என்றால் நமது மாரிக்கு ஒரு வருஷம் தாங்காது, ஓரம் ஊதிவிடும். வீட்டில் செய்யும்போது அளவுகோல் பிள்ளைதான். பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தால் அது இருக்கையின் உயரம். அந்த உயரத்தில் இருத்தி, கையை மடக்கினால் முழங்கை வரும் இடம் அல்லது அதற்கு ஓர் அங்குலம் மேல், அது மேசையின் உயரம். இருக்கையின் ஆழம், சாய்ந்து இருக்கும்போது முழங்கால் மடிப்புக்கும் பலகை விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற அளவு.

காரணம் இரண்டு, மரம். இதற்கு முதிரையும் தேக்கும் தேவையில்லை. பழைய வீடு உடைத்தபோது எடுத்து வைத்த கதவு நிலை, ஜன்னல் சட்டம் எத்தனையோ வளவுகளில் கறையானுக்குக் கிடக்கிறது. அதில் ஒரு பிள்ளையின் மேசைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. இல்லையென்றால் காய்ந்த வேம்புப் பலகை நல்லது, பூச்சி லேசில் அண்டாது. இறக்குமதிச் சாமான் வருகிற பெலட் பலகையும் பாவிக்கலாம், ஆனால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்று இருந்தால் சூடாக்கிப் பதப்படுத்தியது. எம்.பி. என்று இருந்தால் மீதைல் புரோமைட் வாயு அடித்தது, பிள்ளையின் பாவனைக்கு எடுக்க வேண்டாம். முத்திரையே இல்லாததையும் விட்டுவிடுங்கள். பலா மரம் தறிப்பதற்கு அனுமதி வேண்டும், வாவிக் கரைக் கண்டல் மரத்தில் கை வைக்கவே கூடாது. பிள்ளைக்கு மேசை செய்கிறோம் என்று பிள்ளையின் ஊரை மொட்டையாக்க வேண்டாம்.

செய்கிற விதம் கஷ்டமில்லை. மேற்பலகை இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம். இரண்டுக்கு இரண்டு அங்குலத்தில் நாலு கால். பலகைக்கு அடியில் சுற்றிவர இரண்டரை அங்குலச் சட்டம், அதற்கு மேல் அகலம் வைத்தால் தொடை இடிக்கும். நமது வாவிக் காற்றில் சாதாரண ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும். கல்வனைஸ் ஸ்க்ரூ போடுங்கள். அதைவிட நல்லது, காலில் துளை போட்டு, சட்டத்தின் முனையைச் செதுக்கி அதற்குள் பசை வைத்து இறுக்குவது. கதிரையின் பின்கால்களைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து வையுங்கள், பிள்ளை சாய்ந்தாலும் குடை சாயாது. மூலைகளை உருட்டிவிடுங்கள். பெயின்ட் அடிப்பதென்றால் ஈயம் கலக்காதது என்று பேணியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பிள்ளையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

காரணம் மூன்று எனக்கு மிக முக்கியமானது. நமது சமூகத்தில் கைத்தொழிலுக்கு இருந்த மரியாதை போய்க்கொண்டிருக்கிறது. "படிக்காட்டி மேசன் வேலைக்குத்தான் போகணும்" என்று வீட்டிலும் சொல்கிறோம், வகுப்பறையிலும் சொல்லப்படுகிறது. அதே வகுப்பில் மேசனின் மகனும் ஓடாவியின் மகளும் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். தன் வாப்பாவின் தொழில் ஒரு தண்டனை என்று அந்தப் பிள்ளைக்கு அங்கேதான் படிப்பிக்கப்படுகிறது. ஸகரிய்யா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நூஹ் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கப்பலைப் பலகைகளும் ஆணிகளும் கொண்டது என்று குர்ஆன் சொல்கிறது. பயானில் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறோம். மகன் ஓடாவி வேலை பழகப் போகிறேன் என்றால் மட்டும் முகம் மாறுகிறது.

பின்லாந்தில் 1866ஆம் ஆண்டிலேயே கைவேலையைப் பாடசாலையில் கட்டாய பாடமாக்கினார்கள். ஓடாவிமாரை உருவாக்குவதற்காக மட்டுமல்ல, கையும் கண்ணும் யோசனையும் சேர்ந்து வேலை செய்யப் பழகட்டும் என்பதற்காக. நமது பாடத்திட்டத்திலும் தரம் ஆறிலிருந்து செயன்முறைத் தொழில்நுட்பத் திறன்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. பரீட்சை நெருங்கினால் எந்தப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு மேசை செய்வதில் எத்தனை படிப்பு இருக்கிறது! அங்குலத்தைச் சென்ரிமீற்றராக்குவது, நாலு காலும் ஒரே அளவா என்று பார்ப்பது, மூலைமட்டம் வைத்துச் செங்கோணம் பிடிப்பது. ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசிலுக்காக எத்தனை ஆயிரம் டியூசனுக்குக் கொடுக்கிறோம். அந்தப் பரீட்சையில் வருகிற அளவைக் கணக்கைப் பிள்ளை ஒரு தடவை பலகையில் செய்யட்டும், கொப்பியில் பத்துத் தடவை செய்ததைவிட மனதில் நிற்கும். சேண்ட்பேப்பர் போடுவதை ஐந்து வயதுப் பிள்ளையும் செய்யும். அளந்து கோடு போடுவதை எட்டு வயதுப் பிள்ளை செய்யும். வாளும் ட்ரில்லும் பெரியவர் கையில் இருக்கட்டும். பெண்பிள்ளைகளை "நீ உள்ளே போ" என்று அனுப்பாதீர்கள். அந்த மேசையில் எழுதப் போவது அவளும்தானே.

"அப்படியென்றால் ஓடாவிகளின் வயிற்றில் அடிக்கச் சொல்கிறீர்களா சேர்?" என்று ஒருவர் கேட்பார். இல்லை. உங்களால் முடியாத வேலைக்கு அவரிடமே போங்கள். பலகை அறுக்க, சீவ, துளை போட அவருக்குக் கூலி கொடுங்கள், பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்துங்கள். தன் கையால் ஒரு கதிரை செய்து பார்த்தவன் அதற்குப் பிறகு ஓடாவியிடம் கூலியைக் குறைத்துக் கேட்க மாட்டான். அந்த வேலையில் எவ்வளவு நேரம் போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

"பிள்ளை வளர்ந்துவிடுமே" என்றால், வளரட்டும். தம்பிக்கு, தங்கைக்கு, பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். நல்ல மரத்தில் செய்தது நாலு பிள்ளைகளைப் படிப்பிக்கும்.

நேரமும் ஆயுதமும் இல்லாத வாப்பாமாரும் இருக்கிறார்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாப்பாவே இல்லாத வீடுகளும் இந்த மாவட்டத்தில் குறைவில்லை. அதனால் ஊராகச் சேர்ந்து செய்யக்கூடிய இரண்டு வேலை சொல்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசலிலோ வாசிகசாலையிலோ ஒரு பெட்டி ஆயுதம் வையுங்கள். வாள், சீவுளி, உளி, மூலைமட்டம், ஒரு ட்ரில் மெசின். பெயர் எழுதி எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுக்கலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஓர் ஓடாவிக்கு நாட்கூலி கொடுத்து இருத்தினால், தாய் மட்டும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு மேசை கிடைக்கும். இதற்கு வருகிற செலவு ஒரு கூட்டத்துக்குக் கட்டுகிற பந்தலின் செலவைத் தாண்டாது.

இரண்டாவது, பல பாடசாலைகளின் பின்பக்கத்தில் உடைந்த மேசை கதிரைகள் குவிந்து கிடக்கின்றன. பலவற்றின் இரும்புச் சட்டம் நன்றாகவே இருக்கும், பலகை மட்டும் போயிருக்கும். அரச சொத்து என்பதால் பொருட் கணக்கெடுப்பு முடியும்வரை கழிக்க முடியாது, மழையில் கிடக்கும். அதிபரிடம் முறையாக அனுமதி கேட்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர்களும் சேர்ந்தால் இரண்டு சனிக்கிழமையில் ஒரு வகுப்புக்கு வேண்டியதைத் திருத்தி எடுக்கலாம். புதிதாகத் தளபாடம் கேட்டு எழுதுகிற கடிதத்தை எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கடிதத்துக்குப் பதில் வருகிறவரைக்கும் பிள்ளை எதில் இருப்பது என்பதுதான் என் கேள்வி.

இன்ஷா அல்லாஹ், மாரி தொடங்குவதற்கு முன் பலகையைக் காய வைத்துக்கொள்ளுங்கள். ஓடாவி சகோதரர்கள் யாராவது ஒரு சனிக்கிழமை நேரம் ஒதுக்க விரும்பினால் இன்பொக்ஸில் எழுதுங்கள். பழைய கதவு நிலை வைத்திருப்பவர்கள், விறகுக்குப் பிளப்பதற்கு முன் ஒரு சொல் சொல்லுங்கள்.