உதைச்சா ஸ்டார்ட் ஆயிடுச்சா? அதுக்கென்ன இப்போ?

நானும் ரொம்ப நாளா பொறுமையா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அப்பா வண்டி, மாமா வண்டின்னு ஒரு பழைய சிடி 100-ஐ மாடிப்படிக்குக் கீழ இருந்து இழுத்துட்டு வர வேண்டியது. பிளக்கைக் கழட்டித் துடைச்சு, கார்பரேட்டர்ல ஸ்பிரே அடிச்சு, அரை லிட்டர் பெட்ரோல் ஊத்தி, நாப்பது உதை உதைக்க வேண்டியது. சத்தம் வந்ததும் வீடே கை தட்டும். அடுத்த அஞ்சாவது நிமிஷம் மச்சானைப் பின்னாடி ஏத்திக்கிட்டு டீக்கடைக்கு ஒரு ரவுண்டு!

இங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது மக்களே.

ஒண்ணு சொல்லிடறேன். பழைய வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்ற கோஷ்டி இல்லை நான். 1985-ல வந்த அந்த வண்டியில என்ன பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இருக்கு? 97 சிசி எஞ்சின், ரெண்டு வால்வு, ஒரு கார்பரேட்டர், முன்னாடியும் பின்னாடியும் டிரம் பிரேக். ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தா வீட்டு வாசல்லயே தாராளமா ரெடி பண்ணலாம். பண்ணணும்னுதான் நானும் சொல்றேன்.

என் சண்டையெல்லாம் வரிசையோடதான். எஞ்சின் முதல்ல, பெயிண்ட் அடுத்து, பிரேக் 'அப்புறம் பார்த்துக்கலாம்'. இது அப்படியே தலைகீழ். ஓடாத வண்டி யாரையும் கொல்லாது. நிக்காத வண்டி கொல்லும்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு பட்டறையில வண்டியைக் கொடுத்து புதுசா பெயிண்ட், குரோம், ஸ்டிக்கர் எல்லாம் போட்டு வாங்கிட்டு வந்தார். ஷோரூம் வண்டி தோத்துடும். குனிஞ்சு பின் டயரைப் பார்த்தேன். பக்கவாட்டுல நாலு இலக்கம்: 2309. அப்படின்னா 2009-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர். பட்டன் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஓரம் பூரா வெடிப்பு. காசு வாங்கின பட்டறையில ஒருத்தருக்குமா இது கண்ணுல படலை? பளபளன்னு இருந்தா போதும்னு நாம நினைக்கிறோம், அவங்களும் அதையே விக்கிறாங்க.

சரி, வரிசைதான் என்ன?

முதல்ல பிரேக். ரெண்டு சக்கரத்தையும் கழட்டுங்க. பல வருஷம் ஈரத்துல நின்ன வண்டியில லைனிங் ஷூவை விட்டுக் கழண்டு வரும். ஷூவை விரிக்கிற கேம் துருப்பிடிச்சு இறுகி இருக்கும். மிதிச்சா திரும்பி வராது. டிரம்முக்குள்ள இருக்கிற தூசியை மட்டும் வாயால ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால துடைங்க. புது ஷூ செட்டு விலை சில நூறு ரூபாய்தான். பெயிண்டுக்குக் கொடுக்கிறதுல அது ஒரு மூலைக்குக் காணுமா?

ரெண்டாவது டயர், டியூப். வெடிப்பு இருந்தா பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடுங்க.

மூணாவது கேபிள். நுனியில ஒரு இழை அறுந்திருந்தாலும் மாத்திடுங்க. ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டா தானா 'டக்'னு திரும்பணும். ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினாலும் சரி, வலப்பக்கம் திருப்பினாலும் சரி, திரும்பியே ஆகணும்.

நாலாவது பெட்ரோல். இப்போ நாட்டுல கிடைக்கிறது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பர் ஓஸும் கார்பரேட்டர் ஓரிங்கும் இதுக்காகச் செஞ்சது இல்லை. எல்லாத்தையும் புதுசு போடுங்க. பழைய பெட்ரோலை வடிக்கிறதைத் திறந்த வெளியில, அடுப்புப் பக்கம் இல்லாம செய்யுங்க. எஞ்சின் ஆயிலை மாத்தாம உதைக்கவே கூடாது. மூடின அறைக்குள்ள எஞ்சினை ஓட விடறது இன்னும் மோசம். வர்ற புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. அதுக்கு வாசனை கிடையாது, ஆளையே சாய்ச்சிடும்.

இவ்வளவும் முடிச்சிட்டு உதைங்க. அப்போ கை தட்டுங்க, நானும் சேர்ந்து தட்டறேன்.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு: பேப்பர். ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். அப்புறம் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 300 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 1000 ஆச்சு. 20 வயசு தாண்டின பைக்குக்கு 2025 ஆகஸ்ட்ல 2000 ஆக்கிட்டாங்க. கோபம் எனக்கும் உண்டு. பழசைப் பத்திரமா வெச்சு ஓட்டறவனுக்கு எதுக்கய்யா தண்டனை? ஆனா அந்தக் கோபத்துக்காக இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டுக்கு வர்றது எந்த ஊர் நியாயம்? தெருமுனையில ஒரு ஸ்கூல் பையன் மேல இடிச்சா நஷ்டஈடு மொத்தமும் உங்க கையில இருந்துதான் போகும். அந்தப் பையனோட காலுக்கு எவ்வளவுன்னு விலை போடுவீங்க?

"டீக்கடை வரைக்கும்தானே சார்"னு சொல்லுவாங்க. டீக்கடைக்குப் போற வழியில நாய் குறுக்க வராதா? தண்ணி லாரி வராதா? அதுங்க கிட்ட "இது சும்மா டிரையல்தான்"னு சொல்லிப் பாருங்களேன்.

முதல் ஓட்டம் காலி மைதானத்துல, நடக்கிற வேகத்துல, தனியா. இருபது தடவை பிரேக் பிடிச்சுப் பாருங்க. இருபது தடவையும் நேரா நின்னா அடுத்த கியர் போடுங்க. மச்சான் அதுவரைக்கும் நடந்தே வரட்டும், உடம்புக்கும் நல்லது.