பிஞ்சு உள்ளத்தில் நஞ்சு வேண்டா!

இனவெறி என்பது யாது என்பதைக் குழந்தைகளுக்கு எந்த அகவையில் சொல்லித் தருவது? இவ் வினாவை எழுப்பினால், கற்றவர்களிலும் பலர், "அவர்கள் சிறுவர்கள், அவர்கட்கு இவையெல்லாம் எதற்கு? வளர்ந்தபின் தாமே அறிந்து கொள்வார்கள்" என்றே விடையிறுக்கின்றனர். கேட்பதற்கு அன்புரை போலத் தோன்றும் இவ் விடையில் ஒரு பெரும்பிழை மறைந்து கிடக்கின்றது. பள்ளியில் சொல்லித் தரும்வரை குழந்தை இவைபற்றி ஒன்றுமே அறியாதிருக்கும் என்று இவர்கள் கருதுகின்றனர். ஐந்து அகவையில் வகுப்பறைக்குள் நுழையும் குழந்தை வெற்றுள்ளத்தோடு வருவதில்லை. யாரோடு உண்ணலாம், யாரைத் தொடலாகாது, எந்த நிறம் அழகு, எவருடைய பேச்சு நகைப்பிற்குரியது என்பனவற்றை யெல்லாம் வீட்டுத் திண்ணையிலும் தெருவிலும் முன்னரே கற்றுக்கொண்டுதான் வருகின்றது. முன்பே ஊட்டப்பட்டுவிட்ட அந் நஞ்சை முறிப்பவர் யார் என்பதே நம் முன்னுள்ள வினா.

அமெரிக்க நாட்டில் கென்னத்து கிளார்க்கு, மேமி கிளார்க்கு என்னும் கருப்பின உளநூலறிஞர் இணையர் 1940களில் ஓர் ஆய்வு நடத்தினர். மூன்று முதல் ஏழு அகவை வரையுள்ள கருப்பினக் குழந்தைகளின் முன்னே பாவைகளை வைத்தனர். நிறம் ஒன்றைத் தவிர அவற்றிடையே வேறுபாடு ஏதுமில்லை. நல்ல பாவை எது, கெட்ட பாவை எது என்று வினவியபோது, குழந்தைகளிற் பெரும்பாலோர் வெள்ளைப் பாவையை நல்லதென்றும் கருப்புப் பாவையைக் கெட்டதென்றும் காட்டினர். அடுத்து, உன்னைப் போன்ற பாவை எது என்று கேட்டபோது சில குழந்தைகள் விடை சொல்ல மாட்டாமல் அழுதுவிட்டன. தன்னைத் தானே இழிவாகக் கருதும் நிலைக்கு ஒரு குழந்தை மூன்று அகவையிலேயே வந்துவிடக் கூடும் என்பதை இவ் ஆய்வு காட்டியது. நிறத்தால் பிரிக்கப்பட்ட பள்ளிகள் சட்டத்திற்கு மாறானவை என்று 1954 மே 17ஆம் நாள் அமெரிக்கத் தலைமை முறைமன்றம் அளித்த தீர்ப்பிலும் இவ் ஆய்வு சான்றாகச் சுட்டப்பட்டது.

அத் தீர்ப்பு ஏட்டிலிருந்து வகுப்பறைக்கு வந்துசேர ஆறாண்டுகள் சென்றன. உலூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்சு நகரில், 1960 நவம்பர் 14ஆம் நாள், உரூபி பிரிட்செசு என்னும் ஆறு அகவைக் கருப்பினச் சிறுமி, அதுவரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே பயின்ற வில்லியம் பிராண்ட்சு தொடக்கப் பள்ளியின் படியேறினாள். நடுவணரசின் காவலர் நால்வர் அவளைச் சூழ்ந்து சென்றனர். வாயிலில் திரண்டிருந்த கூட்டம் கூச்சலிட்டது. நஞ்சிட்டுக் கொல்வேன் என்று ஒருத்தி அச்சுறுத்தினாள்; கருப்புப் பாவை ஒன்றைச் சிறு பிணப்பெட்டியில் வைத்து ஒருத்தி தூக்கிக் காட்டினாள். நகரில் ஆண்டுதோறும் நிகழும் திருவிழாக் கூட்டம் என்றே அச் சிறுமி முதலில் எண்ணினாளாம்! வெள்ளையர் தத்தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துச் சென்றுவிட்டனர். உரூபியின் தந்தை வேலையிழந்தார். அவளுக்குக் கற்பிக்க ஒப்பாத ஆசிரியர்களுக்கு நடுவில், பாசுட்டன் நகரிலிருந்து வந்த பார்பரா என்றி என்னும் வெள்ளையின ஆசிரியை ஒருவர் முன்வந்தார். ஓராண்டு முழுவதும் ஒரே அறையில், ஒரே மாணவியை அருகில் அமர்த்திக்கொண்டு, வகுப்பு முழுவதும் நிறைந்திருப்பது போலவே அவர் பாடம் நடத்தினார்.

பின்னர் ஒருநாள் அப் பள்ளியில் ஒரு வெள்ளைச் சிறுவன், உன்னோடு விளையாடக் கூடாதென்று என் தாய் சொல்லியிருக்கிறாள் என்று உரூபியிடம் கூறினான். அவளது நிறத்தையே அதற்குக் கரணியமாகவும் சொன்னான். அதுவரை விளங்காதிருந்த கூச்சலும் காவலும் வெறிச்சோடிய வகுப்பறையும் அந் நொடியில் தனக்கு விளங்கிவிட்டன என்று பிற்காலத்தில் அவர் கூறியுள்ளார். அச் சிறுவன்மீது தமக்குச் சினம் எழவில்லை என்றும், தம் தாய் அவ்வாறு சொல்லியிருந்தால் தாமும் கீழ்ப்படிந்திருக்கக் கூடும் என்றும் அவர் கூறுவது நம் உள்ளத்தில் நிறுத்தத் தக்கது.

அச் சிறுவன் தீயவன் அல்லன். தாய்சொல் தட்டாத பிள்ளை. இனவெறி பகைவன் வழியாகப் பிள்ளையிடம் வருவதில்லை. அன்புடையார் வாய்மொழியாகவே வருகின்றது. சோறூட்டும் கையே அதனையும் சேர்த்து ஊட்டுகின்றது. எனவே, பிள்ளையைக் குற்றவாளியாக்கிக் கூண்டிலேற்றுவதால் பயனில்லை. பார்பரா என்றி போன்ற வேறோர் அன்புடையார் அதே அகவையில் அவனுக்குக் கிடைத்தாக வேண்டும். அவர் தொடக்கப் பள்ளி ஆசிரியரன்றி வேறு யார்?

இதனை எவ்வாறு கற்பிப்பது? அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில், மார்ட்டின் உலூதர் கிங் கொலையுண்டதற்கு மறுநாள், 1968 ஏப்பிரல் 5 அன்று, சேன் எலியட்டு என்னும் ஆசிரியை தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் இரு கூறாக்கி, ஒரு நாள் ஒரு கூற்றாரை உயர்ந்தோர் என்றும், பின்னர் மற்றவரை உயர்ந்தோர் என்றும் நடத்திக் காட்டினார். உயர்ந்தோராக வைக்கப்பட்டவர் சிறுபொழுதிலேயே செருக்குற்றதையும் தாழ்த்தப்பட்டவர் படிப்பிலும் சோர்ந்ததையும் அவர் கண்டார். உலகறிந்த பயிற்சிதான், ஆயினும் நம் கருத்து வேறு. ஒரு குழந்தைக்கு இழிவின் சுவையை உணர்த்த மற்றொரு குழந்தையை அழவைக்க வேண்டுவதில்லை. உரூபியின் கதையை நன்கு சொன்னாலே போதும். சொல்லி முடித்தபின், "அவள் தனியே அமர்ந்து உண்டபோது என்ன நினைத்திருப்பாள்? நீ அப் பள்ளியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று இரண்டு வினாக்களைக் கேட்டுவிட்டு ஆசிரியர் வாளாவிருந்தால், எஞ்சியதைப் பிள்ளைகளே பேசி முடிப்பர்.

நிறம்பற்றிய அறிவியலையும் இளமையிலேயே எளிதிற் சொல்லலாம். தோலில் உள்ள கருநிறமி மிகுந்தால் கருமை; குறைந்தால் வெண்மை. கதிரவன் கடுகிக் காயும் நாட்டில் வழிவழி வாழ்ந்தார்க்குக் கருநிறமி குடைபோல் நின்று காக்கின்றது. வெயில் குறைந்த நாட்டில் அக் குடைக்குத் தேவை குறைவு. குடை பெரிது சிறிது என்பதால் ஆள் உயர்ந்தவன் தாழ்ந்தவன் ஆவானா? இவ்வளவும் ஏழு அகவைப் பிள்ளைக்குப் புரியும். கழக இலக்கியம் மகளிரின் மாமை நிறத்தை அழகென்று போற்றியதையும், முல்லை நிலத் தெய்வம் மாயோன் என்றே பெயர்பெற்றதையும் உடன் சொல்லுக. முகம் வெளுக்கக் களிம்பு தேடியும், மணப்பெண் சிவப்பா என்று உசாவியும் திரியும் இற்றைத் தமிழன் தன் பாட்டனின் கண்ணை இழந்தவன் என்பதும் அதனால் விளங்கும்.

இனித் தமிழர்க்கே உரிய பாடம் ஒன்றுண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து முதற்கப்பல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது முதல், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் சென்ற நம் மக்களை வெள்ளையர் 'கூலி' என்று இழித்தழைத்தனர். உழைப்பின் ஊதியத்தைக் குறிக்கும் நம் தூய சொல்லே அவ்வாறு வசையாயிற்று என்பர். இதைக் கேட்டு நம் குருதி கொதிக்கின்றது, கொதிக்கவே வேண்டும். ஆனால், ஆங்கிலமும் பிரெஞ்சும் செருமனும் தமிழிலிருந்து பெற்றுக்கொண்ட மற்றொரு சொல்லும் உண்டு. பறையர் என்னும் பெயரே அது. பறை முழக்கிய மக்களின் பெயர், 'ஒதுக்கித் தள்ளத் தக்கவன்' என்னும் பொருளில் அம்மொழி அகரமுதலிகளில் இன்றும் இடம்பெற்றுள்ளது. அப் பொருளை அவர்களுக்குக் கற்பித்தது யார்? நம் ஊர் கற்பித்தது; நம் சேரிப் பிரிவினை கற்பித்தது. பிறர் நம்மேல் எறிந்த சொல்லைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, நாம் நம்மவர்மேல் எறிந்த சொல்லை மறைப்போமாயின் அஃது அறக்கல்வி ஆகாது. 2023 ஆகத்தில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை உடன்பயின்ற மாணவரே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினரே. தடுக்க வந்த தங்கையையும் வெட்டினரே! அதன்பின் அமைக்கப்பட்ட முறைவர் சந்துரு குழு, கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்குமாறும், பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிச் சொற்களை நீக்குமாறும் 2024இல் பரிந்துரைத்தது. நல்லதே. ஆயினும் கயிறு பதினேழாம் அகவையிற்றான் கண்ணுக்குத் தெரிகின்றது. முடிச்சு ஐந்தாம் அகவையிலேயே விழுந்துவிடுகின்றது.

நம் இயக்கத்தார்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். இனப்பற்று வேறு, இனவெறி வேறு. தன் தாயைப் போற்றுவது பற்று. பிறன் தாயைப் பழிப்பது வெறி. 1976 சூன் 16 அன்று ஆப்பிரிக்கான்சு மொழித் திணிப்பை எதிர்த்துச் சொவேட்டோ மாணவர் கிளர்ந்தெழுந்து குண்டுகளுக்கு இரையாயினர். 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற நமக்கு அவர்கள் உடன்பிறந்தார் போன்றவர்கள். அத் தென்னாப்பிரிக்க மக்களின் விடுதலைப் பட்டயம், அந்நாடு கருப்பர் வெள்ளையர் என்னும் வேறுபாடின்றி ஆங்கு வாழும் அனைவர்க்கும் உரியது என்று 1955இலேயே உரைத்தது. 1983 சூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தினர். அதே நாள்களில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த சிங்களரும் இருந்தனர். முதற்செய்தியை நாம் மறக்கலாகாது; இரண்டாவதைப் பிள்ளைகளுக்கு மறைக்கலாகாது.

இன்று திருப்பூரிலும் கோவையிலும் சென்னைப் புறநகரிலும் பீகார், ஒடியா உழைப்பாளரின் பிள்ளைகள் நம் தொடக்கப் பள்ளிகளில் அமர்ந்து அகரம் எழுதுகின்றனர். தில்லியின் மொழித் திணிப்பை இறுதிவரை எதிர்ப்போம். ஆனால், செங்கற் சுமப்பவன் மகளை 'இந்திக்காரி' என்று எள்ளுவது எவ்வகை மொழிப்போர்? தமிழை விரும்பிக் கற்க வந்த குழந்தையை விரட்டுவது தமிழுக்குச் செய்யும் இரண்டகமே யாகும். ஆங்கு நம் பிள்ளைகள் உரூபியின் நிலையிலில்லை. அவ் வெள்ளைச் சிறுவனின் நிலையில் இருக்கின்றனர். அவர்களிடம் என்ன சொல்லி அனுப்பப் போகின்றோம்?

ஆசிரியப் பெருமக்களே! ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பிழையறச் சொல்லுங்கள். நிறத்தையோ ஊரையோ பட்டப்பெயராக்க விடாதீர்கள். இருக்கைகளைக் கிழமைதோறும் மாற்றுங்கள். பள்ளி உணவை எல்லாரும் கலந்தமர்ந்து உண்ணச் செய்யுங்கள். ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையை இழித்துரைத்தால் அன்றே கருத்துச் செலுத்துங்கள். புண்பட்ட பிள்ளையை முதலில் தேற்றுங்கள்; பின்னர், இழித்த பிள்ளையை அடியாமல், அச் சொல்லை எங்கே கேட்டாய் என்று உசாவுங்கள். விடை வீட்டைக் காட்டுமாயின் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். பெற்றோரே! பிள்ளை கேட்க நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் நாளை வகுப்பறையில் ஒலிக்கும் என்பதை மறவாதீர்கள்.

உலகோர் அனைவரையும் உறவாகக் கண்ட பூங்குன்றனாரின் பாட்டைப் பன்னாட்டு மேடைகளில் முழங்கிப் பெருமை கொள்கின்றோம். அப் பெருமைக்கு நாம் உரியவர்தாமா என்பதை ஒவ்வோர் ஊரின் ஒன்றாம் வகுப்பறையில், யார் அருகில் யார் அமர்ந்துள்ளனர் என்பதைக் கண்டு அறிந்து கொள்ளலாம். அவ் வகுப்பறையிலிருந்தே தொடங்குவோம்!