யாருக்காக இடிக்கிறோம்?



சுயதொழில் தொடங்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பெண்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, என்ன செய்தால் விற்கும்?" நானும் 2010இல் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டேன்.

முகாமிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து குடியேறிய ஆண்டு அது. கையில் மிஞ்சியது அம்மாவின் இரண்டு காப்பு. அவற்றை அடைவு வைத்துச் செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கினேன். மிளகாய்த்தூள் இடிப்பது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. வறுத்து, இடித்து, அரித்து, பத்துக் கிலோ தூளை அரைக் கிலோப் பைகளாகக் கட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டு மாமி பையை மணந்து பார்த்தா. "நல்ல தூள் பிள்ளை. ஆனால் நாங்கள் வீட்டிலைதானே இடிக்கிறம்" என்றா. ஆறு கிழமையில் நான்கு பை விற்றது. அதிலும் இரண்டு கடன். மிச்சத்தில் மணம் போய்விட்டது.

தூளில் பிழை இல்லை. நான் ஏறிய படலைகள்தான் பிழை. உரல் இருக்கிற வீட்டுக்கு மிளகாய்த்தூள் எதற்கு? பின்னர் ஒரே ஒழுங்கையில் ஐந்து பெண்களுக்குத் தையல் இயந்திரம் கொடுத்ததையும் கண்டேன். ஐந்து பேரும் தைத்தார்கள். தைக்கக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அதன்பிறகு மூன்று நாள் காலையில் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் ஆசிரியர்களும் அலுவலர்களும் ஏ9 வீதியால் வந்து இறங்கினார்கள். இவர்கள் எல்லோரும் வாங்குவார்கள் என்று முதலில் மகிழ்ந்தேன். விசாரித்தால், தினமும் வந்து போகிறவர்களுக்கு வீட்டில் சமையல் நடக்கிறது. திங்கள் வந்து வெள்ளி போகிறவர்கள்தான் அறை எடுத்துத் தங்கி இரவில் சமைக்கிறார்கள். அவர்களில் ஒரு ரீச்சர் சொன்னா: "அரைக் கிலோவை வைச்சு நான் என்ன செய்ய? நூறு கிராம் கட்டித் தந்தால் கிழமைக்கு ஒன்று வாங்குவன்." அன்றே பையைச் சிறிதாக்கினேன். திங்கள் பின்னேரம் அவர்கள் தங்கும் இடங்களுக்கே கொண்டுபோனேன்.

இரண்டாவது கூட்டத்தைக் கிளினிக்கில் கண்டேன். தங்கச்சிக்குத் துணையாகப் போயிருந்தபோது, பக்கத்தில் இருந்த கர்ப்பிணிப் பிள்ளை, "எனக்குச் சரக்கு இடிச்சுத் தர அம்மா இல்லை" என்று சாதாரணமாகச் சொன்னாள். மல்லி, மிளகு, சின்னச்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு சேர்த்து இடிக்கும் அந்தத் தூள், பிள்ளை பெற்ற வீட்டுக்கு முதல் மாதம் கட்டாயம் வேண்டும். அது தெரிந்த கிழவிகள் எங்களூரில் பலர் இல்லாமற் போயிருந்தார்கள். மருத்துவிச்சியிடம் பெயர் கேட்கவில்லை, எண்ணிக்கை மட்டும் கேட்டேன். அவரின் பகுதியில் மாதம் பத்து, பன்னிரண்டு பிரசவம். மூன்று நான்கு வீடுகளில் இடிக்க ஆள் இல்லை. வீட்டுக்கு அரைக் கிலோ என்றாலும் மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் போகாது. இதை மட்டும் நம்பி அடுப்பு எரியாது என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்தது. ஆனால் முன்கூட்டியே சொல்லி வாங்குவார்கள், வீண் போகாது. காசு வாங்க மனம் வராமல் கொடுத்ததும் உண்டு. அதைத் தனிப் பக்கத்தில் எழுதினேன், வியாபாரக் கணக்கோடு கலக்கவில்லை.

நீங்களும் பொருள் வாங்க முதல் ஒரு கொப்பி வாங்குங்கள். உங்களிடம் வாங்குவார்கள் என்று நினைக்கும் இருபது பேரின் பெயரை எழுதுங்கள். அவர்கள் இப்போது அந்தப் பொருளை எங்கே எடுக்கிறார்கள், ஒரு தடவைக்கு எவ்வளவு, கையில் காசு புழங்குவது எந்த நாள் என்று பக்கத்தில் குறியுங்கள். கூலிக்குப் போகிற வீட்டில் கிழமை முடிவில்தான் காசு இருக்கும். இனசனம் என்பதற்காக வாங்கக்கூடியவர்களை வெட்டிவிடுங்கள். அவர்கள் ஒருமுறை வாங்குவார்கள், மறுமுறை ஒளிப்பார்கள்.

ஒரு காப்பை அடுத்த தைப்பொங்கலுக்கு முன் மீட்டேன். மற்றதற்கு இன்னும் ஒரு வருடம் எடுத்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குப் புகையிரதம் வந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை ஓடியது. அறையில் தங்கிய சிலர் வீட்டிலிருந்தே வந்துபோகத் தொடங்க, நூறு கிராம் பைகள் குறைந்தன. பழைய கொப்பியை எடுத்து, மறுபடியும் காலையில் போய் நின்றேன். இம்முறை புகையிரத நிலையத்தில்.