மகனிடம் கேட்க வேண்டிய ஒரு விடயம்

இது ஆண்களின் நோயாயிற்றே, நமக்கேன் என்று நினைக்காதீர்கள் சகோதரிகளே. எத்தனையோ வீடுகளில் இன்று தாய்தான் தகப்பனும்.

விதையில் உண்டாகும் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகை செமினோமா. பெரும்பாலும் 25 முதல் 45 வயதுக்குள் வரும். விதை கல்லுப்போல் தடிக்கும், அல்லது வீங்கும், அநேகமாக நோவிராது. நோவில்லாதபடியால் பிள்ளையும் வெட்கத்தில் பேசாமலிருப்பான். சிறுவயதில் விதை கீழிறங்காதிருந்தவர்கள் கூடுதல் கவனமாயிருக்க வேண்டும்.

பரவுமுன் கண்டுபிடித்தால் ஏறக்குறைய எல்லோருமே குணமடைகின்றனர். அந்த விதையைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றுவார்கள். சிலருக்குப் பின்னர் மருந்தோ கதிர்ச் சிகிச்சையோ தேவைப்படும். ஆண்மை போய்விடும் என்பது வீண் பயம். மற்ற விதை நலமாயிருந்தால் பெரும்பாலும் பிள்ளைப்பேறும் உண்டு.

நேரே கேட்கக் கூச்சமாயின் மாமனைக் கொண்டு கேட்பியுங்கள். எண்ணெய் பூசி நாள் கடத்தாமல் அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.