புரிக் கடற்கரையில் பின்னணியாகும் மனிதர்கள்

புவனேசுவரத்தில் பயிலும் மாணவர்க்கு வார இறுதி என்றால் புரி. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு. சனிக்கிழமை காலை புறப்பட்டால் ஞாயிறு இரவுக்குள் படங்கள் சமூக ஊடகங்களில் வந்து குவிந்துவிடும். அலையில் குதிக்கும் நண்பர்கள், ஈர மணலில் எழுதிய பெயர்கள், கதிரவனை உள்ளங்கையில் ஏந்தும் அந்தப் பழைய வித்தை (அதற்கு ஏன் இன்னும் சலிப்பே வரவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது). இவற்றால் எவருக்கும் கேடில்லை. கேடு அடுத்த படத்தில் தொடங்குகிறது. வலை தைக்கும் முதியவர், கருவாடு உலர்த்தும் பெண், படகின் நிழலில் உறங்கும் ஒருவர். கீழே ‘எளிய வாழ்வின் அழகு’ என்றொரு குறிப்பு.

இவற்றை எடுப்போர் அறியாதவர் அல்லர். ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் தொகுத்து, 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ நூலை வகுப்பறையில் கடுமையாக விமர்சிப்பவர்கள். மனிதரைச் சாதியாகவும் குடியாகவும் வகைப்படுத்திக் காட்டிய காலனியப் பார்வை அது என்று கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பவர்கள். களப்பணியில் பத்துச் சொற்களை ஒலிப்பதிவு செய்வதற்கே இசைவுப் படிவத்தில் ஒப்பம் வாங்குபவர்கள். சனிக்கிழமை வந்ததும் இந்த அறிவுக்கும் விடுமுறை கிடைத்துவிடுகிறது.

இசைவு என்றால் என்ன என்பது அந்தப் பயணத்திலேயே எல்லார்க்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. தோழி ஒருத்தி கண்ணை மூடியிருந்தால் அப்படம் அழிக்கப்படுகிறது. ‘வீட்டில் பார்ப்பார்கள்’ என்று ஒருவர் சொன்னால் அவர் இருக்கும் படம் வெளியே போவதில்லை. அங்கே எவரும் ‘இது பொது இடம்தானே’ என்று வாதிடுவதில்லை. அந்த வாதம் கருவாடு உலர்த்தும் பெண்ணுக்காகவே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு படம் இருப்பதே அவருக்குத் தெரியாது. பிறகு எதை அழிக்கச் சொல்வார்?

சட்டம் தடுக்கவில்லை என்பர். இருக்கட்டும். பெந்தகட்டா மீனவர் குடியிருப்பில் வாழ்வோர்க்கு அம்மணல்வெளிதான் வேலையிடம், சந்தை, வீட்டு முற்றம். விடுதி முற்றத்தில் துணி உலர்த்தும் ஆய்வு மாணவரை வெளியாள் ஒருவர் இருபது படம் எடுத்து ஊரறிய வெளியிட்டால், மறுநாளே நிருவாகத்துக்கு முறையீடு போகும். போகவும் வேண்டும்.

குறிப்புகளிலும் பிழை மலிந்திருக்கிறது. ‘ஒடிய மீனவர்’ எனப்படும் இவர்களுள் பெரும்பாலோர் தெலுங்கு பேசுபவர்; ஆந்திரக் கடற்கரையிலிருந்து வந்தவர்களின் வழியினர். நோலியா என்பது ஒடியர் இவர்களை அழைக்கும் பெயர். இரண்டு சொல் பேசியிருந்தால் மொழி காதில் விழுந்திருக்கும். மே மாதம் கரையேறிக் கிடக்கும் படகுகளுக்கு ‘அமைதி’ என்று தலைப்பிடுவது இதனினும் கொடிது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், இயந்திரப் படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வருவாய் நின்ற வீடுகளின் முன் நின்றுகொண்டு அமைதி காண்கிறார்கள்.

கேட்டால் படத்தின் இயல்பு கெட்டுவிடும் என்பது கலைப்பற்றாளர் வாதம். கெடட்டுமே. சேலையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து, கேமராவை நேரே பார்த்து நிற்கும் படமும் படம்தான். தன்னை எவ்வாறு காட்டவேண்டும் என்று அப்பெண் எடுத்த முடிவு அதில் இருக்கிறது. கள்ளத்தனமாய் எடுத்த ‘இயல்பான’ படத்தில் எடுத்தவரின் விருப்பம் மட்டுமே இருக்கிறது.

பல மாநிலத்தார் கலந்த நண்பர் குழுவில் தெலுங்கு அறிந்தவர் ஒருவரேனும் இருப்பார். கேட்க அரை நிமிடம் போதும். மறுத்தால் கைப்பேசியைத் தாழ்த்திக்கொள்ளலாம். இசைந்தால் பெயரையும் கேட்டறிந்து, படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அடுத்த மாதமும் புரிக்குத்தானே போகப்போகிறார்கள்.