ஜாமீன் கிடைத்தும் கதவு திறக்கவில்லை!

ஜாமீன் கொடுத்தாகிவிட்டது. மாஜிஸ்திரேட்டு கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆனால் ஆள் வீடு வந்து சேரவில்லை. இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறார். காரணம்? ஜாமீன் நிற்க ஆள் இல்லை!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வாடகை வீட்டில் குடியிருக்கும் எந்தக் கூலிக்காரருக்கும் நாளைக்கே இந்தச் சோதனை வரலாம்.

ரத்த சொந்தம் எங்கே?

"10 ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன்" என்று உத்தரவு வரும். பல உத்தரவுகளில் "ஒருவர் ரத்த சொந்தமாக இருக்கவேண்டும்" என்றும் சேர்ந்துகொள்ளும். கேட்கச் சின்ன விஷயம். அலைந்து பார்த்தால்தான் தெரியும். ஜாமீன் நிற்பவர் ரேஷன் கார்டு, ஆதார் காட்டவேண்டும். வீட்டு வரி ரசீது, வண்டி ஆர்.சி. புத்தகம் என்று சொத்துக்கும் அத்தாட்சி கேட்பார்கள். ஒருநாள் கூலியை விட்டுக் கோர்ட்டு வாசலில் நிற்கவேண்டும்.

சொந்த வீட்டுக்காரருக்கு இது அரைநாள் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் நிற்கும் பீகார்க்காரர் என்ன செய்வார்? அவருடைய ரத்த சொந்தம் இரண்டு ராத்திரி ரெயில் பயணத்துக்கு அப்பால் இருக்கிறது. வீட்டு ஓனரைக் கேட்டால், "நமக்கு எதுக்கப்பா போலீஸ் வம்பு?" என்று கதவைச் சாத்துவார்.

குற்றச்சாட்டு ஒன்று. உத்தரவும் ஒன்று. காசுள்ளவர் சாயந்திரமே வீட்டுக்குப் போகிறார். இல்லாதவர் உள்ளேயே கிடக்கிறார். காசுக்கு ஜாமீன் நிற்கும் தொழில் முளைப்பதும் இந்த இடத்தில்தான்.

கொத்தனார் வழக்கு

இதற்கு சுப்ரீம் கோர்ட்டு 1978-லேயே தீர்ப்பு கூறிவிட்டது. மத்திய பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாரிடம் 10 ஆயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி ஜாமீன் நிற்க வந்தும், சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார் மாஜிஸ்திரேட்டு. நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ரத்து செய்து, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். வடக்கே பிடிபடும் ஒரு தமிழன் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்பதும் அவர் கவலை. இன்று அதே நிலையில் அம்பத்தூரில் நிற்பவர் வடக்கத்தி ஆள்!

ஓடிவிட்டால்?

"ஜாமீன் இல்லாமல் விட்டால் ஓடிவிடுவானே?" என்று போலீசார் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓட நினைக்கும் பணக்காரருக்கு 10 ஆயிரம் ரூபாய் ஒரு தடையா? வேலை, குடும்பம், எத்தனை வருஷமாக ஊரில் இருக்கிறார் என்று விசாரித்துச் சொந்த ஜாமீனில் விடலாம் என்று 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

2023 ஜனவரியில் இன்னும் தெளிவாகவே உத்தரவு வந்தது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால், ஜெயில் சூப்பிரண்டு ஜில்லா சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் தரவேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கட்டமுடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே தானாகப் பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று பிடிவாதம் கூடாது.

2022 கணக்குப்படி நாட்டில் ஜெயிலில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெறாதவர்கள்!

செய்யவேண்டியது என்ன?

புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். இருப்பதை அமல் செய்தால் போதும். போலீஸ் நிலையத்திலும் கோர்ட்டு வாசலிலும் தமிழோடு இந்தி, ஒரியாவிலும் போர்டு வைக்கட்டும். 7 நாள் கணக்கை ஜெயில் அதிகாரிகள் தவறாமல் பார்க்கட்டும். ஏழைக்குச் சொந்த ஜாமீன் கொடுக்க மாஜிஸ்திரேட்டுகள் தயங்கவேண்டாம்.

உங்கள் கடைப் பையனோ, பட்டறை ஆளோ இப்படி மாட்டிக்கொண்டால் 15100-க்குப் போன் போடுங்கள். காவலில் உள்ள யாருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. அது தர்மம் அல்ல; 1987-ம் வருஷச் சட்டம் கொடுத்த உரிமை.